வெள்ளியங்கிரி யாத்திரையில் புதியார்க்குத் துணையாதல்

மலையேறி வழிபடுதல் நம் நாட்டார்க்குப் புதியதன்று. ஆயினும், படி கட்டிய குன்றின்மேல் காலையில் ஏறி நண்பகலுக்குள் வீடு திரும்புதல் வேறு. காட்டுவழியே மூட்டை சுமந்து, இரவெல்லாம் நடந்து, முடி கண்டு, மறுநாள் மீளுதல் வேறு. முன்னதற்கு அன்பு ஒன்றே பெரும்பாலும் அமையும். பின்னதற்கு அன்போடு ஆயத்தமும் வேண்டும். அதிலும், மலையேறி அறியாத ஒருவரைத் துணைக்கொண்டு செல்வார்க்கு அவ்வாயத்தம் இருமடங்காக வேண்டும். தனித்துச் செல்வார் பிழைபடின் அதன் பயனைத் தாமே துய்ப்பர். அழைத்துச் செல்வார் பிழைபடின் அதனைத் துய்ப்பவர் அழைக்கப்பட்டவர்.

கோயம்புத்தூர்க்கு மேற்கே மேற்றொடர் மலையில் உள்ளது வெள்ளியங்கிரி. வெள்ளிமலை என்பது திருக்கயிலைக்கு ஒரு பெயர் ஆதலின், இம்மலை தென்கயிலாயம் என்று போற்றப்படுகின்றது. தேவாரம் பெற்ற தலங்களுள் இஃது ஒன்றன்று. எனினும், கொங்கு நாட்டு மக்கள் இதன்பால் வைத்துள்ள பற்று அத்தலங்கள்பால் வைத்துள்ள பற்றினுக்குக் குறைந்ததன்று. பூண்டி என்னும் அடிவாரத்துக் கோயிலில் வழிபட்டு, ஏழு மலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து, ஏழாவதன் முடியிற் பாறைகளினிடையே சுயம்புவாக எழுந்தருளியுள்ள பெருமானைத் தரிசிப்பர். ஒருபுறத்து வழி ஏறக்குறைய 6 கிலோமீட்டர். பிப்பிரவரி முதல் மே வரையுள்ள திங்கள்களிலேயே வனத்துறையினர் ஏற விடுகின்றனர். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் இரவில் ஏறுகின்றனர்.

ஆறு கிலோமீட்டர் என்றவுடன், "இவ்வளவுதானா!" என்பார் பலர். அவ்வாறு கூறியவருள் முதன்மலையின் கற்படிகளிலேயே அமர்ந்துவிட்டவரும் பலர்.

நில அளவைத் துறையிற் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அவ்வூர்ப் பக்கத்தவர். அகவை 66. தமது இருபத்திரண்டாம் அகவை முதல் முப்பது முறைக்கு மேல் ஏழு மலையும் ஏறியவர். சங்கிலி பிடித்து நிலம் அளந்த தொழிலின் பழக்கத்தால் எதனையும் கணக்கிட்டன்றிச் செய்யாத இயல்பினர். அதனால் உறவினரிடையே சிறிது எள்ளலுக்கும் ஆளானவர். அவர்தம் தங்கையின் மகன், நீரிறைக்கும் பம்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றிற் கணக்கர், அகவை 38, நாள் முழுதும் நாற்காலியில் இருப்பவர். அவருடைய சிறு மகன் சென்ற ஆண்டு கடுங்காய்ச்சலால் மருத்துவமனையிற் கிடந்தபோது, "பேரன் பிழைத்து வீடு வந்தால் என் மகன் ஏழு மலையும் ஏறி வருவான்" என்று அக்குழந்தையின் பாட்டியார், அஃதாவது பெரியவரின் தங்கையார், வேண்டிக்கொண்டார். குழந்தை நலம் பெற்றது. தாம் நேர்ந்துகொள்வதைப் பிறர் கால்களுக்கு நேர்ந்துகொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதன் நலந் தீங்குகளை ஆராய்தல் ஈண்டு வேண்டுவதில்லை.

தைத் திங்களில் ஒருநாள் மருமகனார் ஒரு பெரிய முதுகுப்பையோடு மாமனார் வீட்டுக்கு வந்தார். பையும் அதனுள் இருந்தனவும் எல்லாம் புதியன. சித்திரைப் பௌர்ணமி இரவில் ஏறி, விடியலில் தரிசித்து, மாலைக்குள் இறங்கி, மறுநாள் அலுவலகம் செல்வதாக அவர் முடிவு செய்து வந்திருந்தார். பெரியவர் அவர் கூறியவற்றை முழுதும் கேட்டுப் பின்னர் உள்ளே சென்று, பழைய செய்தித்தாள் நிறுக்கும் கொக்கித் தராசைக் கொணர்ந்து, பையை அதிற் கோத்து உத்தரத்தில் மாட்டினார். பதினான்கு கிலோ இருந்தது.

"மாப்பிள்ளை, இதில் உனக்கு வேண்டுவது எது, உன் அச்சத்துக்கு வேண்டுவது எது என்று பிரித்து வை" என்றார் அவர்.

அச்சொல் வேடிக்கையாகத் தோன்றினும் உண்மை உடையது. மலையேறி அறியாதார் சுமக்கும் பொருள்களுள் பாதி, நேரக்கூடும் என்று அவர் அஞ்சும் இடர்கட்காகச் சேர்த்தவையே. இரண்டு போர்வை, மூன்று மாற்றுடை, எவர்சில்வர் அடுக்குப் பாத்திரத்தில் மூன்று வேளை உணவு, கனத்த புத்தகம் ஒன்று, ஒரு சிறு மடக்கு நாற்காலி! இவையெல்லாம் ஒதுக்கப்பட்டன. ஓரிரவு செல்லும் புதியவர் தம் உடல் எடையிற் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமத்தல் ஆகாது என்பது பெரியவரின் கணக்கு. தண்ணீர் இதனுள் அடங்கும். மணிக்கு அரை லிட்டர் அளவிற் பருகவேண்டும் ஆதலின் தண்ணீரே பெருஞ்சுமையாம். வழியிற் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டி சுனை முதலிய நீர்நிலைகள் உள்ளனவாயினும், கோடை மிகுங்கால் அவற்றை முற்றிலும் நம்பிச் செல்லுதல் அறிவுடைமை ஆகாது. பிளாஸ்டிக்கை அடிவாரத்திற் சோதிப்பர் ஆதலின் உலோகக் குப்பிகளே கொள்ளத்தக்கன.

உடையைப் பற்றி இருவர்க்கும் சிறிது வழக்கு நிகழ்ந்தது. பருத்தியே தூயது, விரதத்துக்கு ஏற்றது என்றார் மருமகனார். தூய்மைக்குப் பருத்தி நன்று, வியர்வைக்கு நன்றன்று. நனைந்த பருத்தி எளிதில் உலராது. 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையும் என்பது இயற்கை நூலார் கண்டது. அடிவாரத்திற் புழுக்கத்தால் நனைந்த சட்டையோடு, ஏழாம் மலையின் புல்வெளியில் விடியற்காற்றில் நிற்பவர் படும் நடுக்கத்தை அங்குச் சென்றவர் அறிவர். ஆதலின், உலர்ந்த மேலாடை ஒன்றை நீர் புகாத உறையிலிட்டு, முடியை அணுகுங்கால் மாற்றிக்கொள்ளுதலும், ஒரு கம்பளிச் சால்வையும் போதும் என முடிவாயிற்று. கைப்பேசியின் ஒளியை விளக்காகக் கொள்வது பலர் செய்யும் பிழை. ஒரு கை தடிக்கும் ஒரு கை பாறைக்கும் வேண்டியிருக்க, மூன்றாவது கை எங்கே? நெற்றியிற் கட்டும் விளக்கும் மாற்று மின்கலமும் கொள்ளப்பட்டன. உணவுக்குப் புளிச்சோறும் பொரிகடலையும் கருப்பட்டியும். சிறிது உப்பும் எலுமிச்சம்பழமும். வெறுங்காலால் ஏறுதல் சிறப்பு என்பார் உளர். நாள்தோறும் வெறுங்காலோடு நடப்பார்க்கு அது சிறப்பே. அலுவலகத்திற் காலுறையும் சப்பாத்தும் அணிந்த பாதத்தை ஓரிரவில் கற்களுக்கு ஒப்புவித்தல் பத்தியிற் சேராது. பழகிய சப்பாத்தே நன்று. புதிதாக வாங்கியது முதன்மலையிலேயே கொப்புளம் தரும்.

இனிப் பொழுதைப் பற்றிய கணக்கு. 1892-ஆம் ஆண்டில் வில்லியம் நெய்சுமித்து என்னும் ஸ்காத்துலாந்து நாட்டு மலையேறி ஒரு விதி வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணியும், ஏறும் 2,000 அடிக்கு ஒரு மணியும் கூட்டிக்கொள்க என்பது அது. வெள்ளியங்கிரியின் வழி நான்கு மைலுக்குச் சிறிது குறைவு. ஏற்றம் 4,000 அடி அளவினது என்று கொண்டால், மூன்றேகால் மணி ஆகின்றது. ஆனால் அவ்விதி, பழகிய உறுதியான கால்களுக்கு, ஓய்வின்றி நடப்பதற்கு வகுத்தது. புதியவர்க்கு அதனை இரட்டித்தார் பெரியவர், ஆறரை மணி. ஓய்வுக்கு ஒன்றரை மணி. ஆக எட்டு மணி. இரவு ஒன்பது மணிக்குப் புறப்படின் விடியற்காலை ஐந்துக்கு முடி. அங்கிருந்து கதிரவன் எழுதலைக் கண்டு, வெயில் ஏறுமுன் மேல்மலைகளின் திறந்த வெளியைக் கடந்து, கீழ்மலைகளின் மரநிழலுக்குள் இறங்கிவிடலாம். மீண்டு வருதலுக்கும் ஐந்து மணி ஒதுக்கப்பட்டது. இறங்குதல் எளிது என்று எண்ணுவார் ஏமாறுவர். ஏறுங்கால் களைப்பது மூச்சு. இறங்குங்கால் நோவது தொடையும் முழங்காலும். அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியின் அருமை திரும்பும்போதுதான் விளங்கும்.

சித்திரைப் பௌர்ணமி விலக்கப்பட்டது. அந்நாளிற் கூட்டம் மிகுதி. குறுகிய வழியில், பின்வருவார் நெருக்க, புதியவர் தம் நடையை இழந்து பிறர் நடையை நடப்பர். பங்குனியில் ஒரு வார நாள் குறிக்கப்பட்டது. இறங்கிய மறுநாளும் விடுமுறை கொள்ளவேண்டும் என்பது பெரியவரின் கட்டளை. அவ்வொரு நாள் விடுமுறை இல்லாத காரணத்தால், திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமலும் ஓய்வு கொள்ளவேண்டிய இடத்தில் ஓய்வு கொள்ளாமலும் விரைந்து நடந்து துன்புற்றாரை அவர் கண்டிருக்கின்றார்.

பெரியவர் ஒரு சிறு அட்டையில், வெள்ளை விநாயகர் கோயில் முதல் ஆண்டி சுனை ஈறாக ஒவ்வோரிடத்தையும் எத்தனை மணிக்கு அடைதல் வேண்டும் என்று எழுதினார். ஆறாம் மலையில் வழி கீழிறங்கி ஆண்டி சுனையை அடைந்து, மீண்டும் ஏழாம் மலையாக நிமிர்கின்றது. அங்கு மூன்றரை மணிக்குள் சேராவிடின் முடியை நோக்காது திரும்புதல் என்று எழுதி, அதன்கீழ்க் கோடிட்டார். மற்றொரு விதியும் செய்தார். "திரும்புவோம்" என்னும் சொல்லை இருவருள் எவர் சொல்லினும் மற்றவர் காரணம் கேளாமல் திரும்பவேண்டும். காரணம் கேட்டல் அடிவாரத்தில் ஆகலாம்.

இதனைக் கேட்ட மருமகனார் முகம் வாடினார். "திரும்புவதைப் பற்றியே பேசுகிறீர்களே, மாமா! அப்பர் சுவாமிகள் கயிலைக்குப் போனபோது இப்படியா கணக்கெழுதினார்? கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் சென்றாரே. மீளச் சொன்னபோதும் மீளமாட்டேன் என்றாரே" என்றார். அவர் திருமுறை வகுப்புக்குச் சென்று பெரியபுராணம் கேட்டவர்.

இவ்வாறு கூறுவார் இன்று பலராதலின், இதனைச் சிறிது நின்று நோக்குதல் தகும். திருநாவுக்கரசு சுவாமிகள் வரலாற்றை எடுத்துக் கூறுவார் பெரும்பாலும் நடுவிலே நிறுத்திவிடுகின்றனர். சேக்கிழார் பெருமான் அங்ஙனம் நிறுத்தினாரல்லர். சுவாமிகள் காசியிலே, தம்முடன் வந்த அன்பரை நிறுத்தித் தாம் ஒருவரே மேற்சென்றார். தாம் மேற்கொண்ட அருந்துணிவிற்குப் பிறர் உடலை அவர் ஈடு வைக்கவில்லை. பின்னர், உடலின் உறுப்பெல்லாம் தேய்ந்து கிடந்த நிலையில், முனிவர் வேடத்தில் எதிர்வந்து திரும்புக என்று கூறியவர் பிறர் ஒருவரல்லர், இறைவனே. சுவாமிகள் முதலில் மறுத்தது உண்மை. ஆனால், பெருமான் திருவருளால் ஆண்டுள்ள தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றிலே எழுக என்று பணித்தபோது, அவ்வாணையைத் தலைக்கொண்டு அவர் திரும்பினார். அவர்க்குக் கயிலைக் காட்சி கிடைத்த இடம் கயிலை அன்று. காவிரிக்கரையில் உள்ள திருவையாறு. கயிலையை நோக்கி அரிதின் முயன்று சென்றும் காணாததைச் சோழநாட்டுச் சமவெளியிற் கண்டார்.

திருஞானசம்பந்தப் பிள்ளையாரையோ எனின், வடநாட்டுக் கேதாரம் முதலிய பதிகளைத் திருக்காளத்தியில் இருந்தபடியே பாடியருளினார் என்பது புராணம். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து கயிலை சென்றார். மூவர் செலவும் மூவகை. அவற்றுள் ஒன்றனைத் தமக்கு இசைந்தவாறு எடுத்துக்கொண்டு, ஏனையவற்றை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. அவரவர் பக்குவமும் ஆற்றலும் நோக்கி நெறி வகுப்பது நம் சமயத்தின் வழக்கு. மந்தம், தீவிரம் எனச் சத்திநிபாதத்துக்கே படி வகுத்த மரபினர், கால்களுக்கு மட்டும் படி இல்லை என்றல் பொருந்துமா?

பெரியவர் இவ்வளவும் கூறவில்லை. "அப்பர் சுவாமிகள் தனியாகப் போனார், மாப்பிள்ளை. உன்னை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். இரண்டும் ஒன்றல்ல" என்ற அளவில் நிறுத்தினார்.

மாசி முதல் வாரந்தோறும் மருதமலைப் படிகளிற் பயிற்சி தொடங்கிற்று. முதல் வாரம் வெறுங்கையோடு. அடுத்த வாரம் பாதிச் சுமையோடு. மருமகனார் முன்னும் பெரியவர் பின்னுமாக நடந்தனர். வழி தெரிந்தவர் முன்செல்வதே உலகவழக்கு. ஆனால், முன்செல்லும் பழகியவர் தம்மையறியாமல் விரைவர். பின்வரும் புதியவர் நாணத்தால் தாமும் விரைவர். ஓய்வுக்கு நின்ற முன்னவர், பின்னவர் வந்துசேர்ந்த அக்கணமே மீண்டும் புறப்படுவர். இளைத்தவர்க்கு ஓய்வே இராது. புதியவர் முன்னிருப்பின் நடையின் அளவு அவருடையதாகின்றது. மூச்சின் அளவை அறிய மருத்துவர் ஒரு வழி கூறுவர்: நடக்கும்போது ஒரு தொடரை இடையில் மூச்சு வாங்காது பேச இயலுமானால் நடை உடலுக்கு ஒத்தது, இயலாவிடின் மிகுந்தது. பெரியவர் இதனைத் திருவைந்தெழுத்தின்மேல் ஏற்றினார். ஐந்தெழுத்தை வாய்விட்டு மும்முறை தொடர்ந்து கூறவேண்டும். குரல் இடையில் அறுந்தால் நிற்கவேண்டும். அளவுகோலும் அதுவே, செபமும் அதுவே ஆயிற்று.

இரண்டாம் வாரம் படியின் நடுவே அக்குரல் அறுந்தது. நின்று, இளைப்பாறி, மீண்டும் தொடங்கினர். பத்துப் படிக்குள் மீண்டும் அறுந்தது. மருமகனார் திரும்பிப் பாராமலே, "காலை உணவு செரிக்கவில்லை" என்றார். அவர் கை மார்பின்மேற் சென்றதையும் உடனே கீழிறங்கியதையும் பெரியவர் பின்னிருந்து கண்டார். மண்டபத்தில் அமர்த்தி, நீர் கொடுத்து, நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். அளவை வேலையில், நிலத்தின் சொந்தக்காரர் தாமாகவே எல்லைக்கல்லைக் காட்டும்வரை காத்திருந்த பழக்கம் உடையவர் அவர்.

காத்திருந்தது வீண்போகவில்லை. இரண்டாண்டுகட்கு முன்னரே இரத்த அழுத்தம் மிகுந்துளதென்று மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தார். அச்செய்தி அன்னைக்குத் தெரியாது. மனைவியார்க்கு மட்டும் தெரியும். இந்த யாத்திரைக்காக ஒரு மண்டல விரதம் தொடங்கியபோது, விரத காலத்தில் மருந்து உண்ணலாகாது என்று எவரோ கூற, மூன்று வாரமாக அம்மாத்திரையை நிறுத்தியிருந்தார். இறைவன் காப்பான் என்பது அவர் துணிவு.

இதனைக் கேட்டுப் பெரியவர் சினந்தாரல்லர். அஞ்சினார். 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இம்மலை ஏறிய அன்பர் மூவர் அடுத்தடுத்து உயிர் நீத்த செய்தி அவர் நினைவுக்கு வந்தது. நெஞ்சுநோய், மூச்சிளைப்பு, இரத்த அழுத்தம் உடையார் மருத்துவரை உசாவாது ஏறற்க என்று எச்சரிக்கைகளும் செய்யப்பட்டன. ஆயினும், மேலிடத்துக் காற்று மெல்லியது ஆதலின் அனைவர்க்கும் மூச்சு வாங்கும், அஃது இயல்பே என்று ஆறுதல் கூறுவார் இன்றும் வழியெல்லாம் உளர். இது தவறு. காற்று மெலிதலால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தோன்றும். இமயத்துக் கேதாரம் செல்வார் அஞ்சவேண்டியது அது. வெள்ளியங்கிரி 2,000 மீட்டரையும் எட்டாதது. இங்கே ஒருவர்க்கு அளவு கடந்து மூச்சு முட்டுமானால், குற்றம் காற்றின்மேல் இல்லை. நடையின் மிகுதியிலோ உடலினுள்ளோ அதனைத் தேடவேண்டும்.

விரதத்தில் மருந்து விலக்கப்பட்டது என்னும் கொள்கை எங்கிருந்து வந்ததோ! உண்ணாமையும் ஒருபொழுது உண்ணலும் புலனடக்கத்துக்கு உரியன. மருந்து சுவைக்காக உண்பதன்று. இரத்த அழுத்தமோ பெரும்பாலும் அடையாளம் ஏதும் காட்டாதே உள்ளிருந்து கேடு செய்வது; தலைவலி இல்லை, மயக்கம் இல்லை ஆதலின் நோயும் இல்லை என்று மாத்திரையைத் தாமே நிறுத்துவார், தம் வீட்டுக் காவலனை அவன் உறங்கவில்லை என்ற காரணத்தால் வெளியேற்றுவாரை ஒப்பர். விரதம் சொல்லிக்கொடுப்பார் மருந்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்லுதல் கடன். இவ்விதழ் படிக்கும் அன்பர் தம் ஊர் மடங்களிலும் வழிபாட்டுக் கழகங்களிலும் இதனை எடுத்துரைப்பாராயின் நலம்.

மறுநாளே இருவரும் மருத்துவரிடம் சென்றனர். அழுத்தம், 140-க்கு 90 என்னும் எல்லையைப் பெரிதும் கடந்து நின்றது. நெஞ்சின் துடிப்பைப் பதிந்தும், அழுத்தம் தணிந்தபின் வேறொரு நாள் ஓடும் பட்டையில் நடக்கவிட்டும் சோதித்தனர். இதயக் குழாய்களில் அடைப்பின் அறிகுறி தோன்றவில்லை. ஆனால், அழுத்தம் சில திங்களேனும் தொடர்ந்து அடங்கி நிற்றல் வேண்டும். அதுவரை இரவெல்லாம் சுமையோடு ஏறுதல் கூடாது. மெல்லிய நடை நாள்தோறும் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று.

வழியில் மருமகனார், "அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், மாமா" என்று கேட்டுக்கொண்டார். பெரியவர் அதற்கு இசையவில்லை. துணைவருவார் சுமக்கக்கூடிய சுமையும் உண்டு, சுமக்கக்கூடாத சுமையும் உண்டு என்று அவர் எண்ணினார் போலும். மகனே கூறினார், மாமனார் உடன் அமர்ந்திருந்தார். அம்மையார் சிறிதுநேரம் அழுதார். தம் வேண்டுதலைத் தீர்க்கவே மகன் மருந்தை நிறுத்தினான் என்பதுதான் அவரைச் சுட்டது. பின்பு முகத்தைத் துடைத்துக்கொண்டு தமையனாரை நோக்கி, "அண்ணா, நேர்ந்தவள் நான். சாமி கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இவன் ஏறவேண்டாம்" என்றார்.

ஏறவே வேண்டாம் என்பதைப் பெரியவர் ஒப்பவில்லை. முற்றிலும் விலக்குதலும் ஒருவகை அச்சமே. தம் அட்டையை எடுத்து, முதல் வரியை மட்டும் வைத்து ஏனையவற்றை அடித்தார். மருத்துவரை மீண்டும் கண்டு, முதன்மலை அளவில், பகலில், சுமையின்றி, ஒவ்வொரு வளைவிலும் அமர்ந்து ஏறலாமா என்று வினவினார். பங்குனி இறுதியில், அழுத்தம் எல்லைக்குள் நின்றால் அவ்வளவு ஆகலாம் என்று இசைவு கிடைத்தது. "ஏழு மலையும் ஒரே இரவில் என்று நீ நேர்ந்துகொள்ளவில்லையே, அம்மிணி?" என்று தங்கையாரைக் கேட்டார். அவர் எண்ணிப் பார்த்து, நாள் குறிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

குறித்த நாளில் மூவரும் பேருந்தேறிப் பூண்டியை அடைந்தனர். யானைகள் நடமாடும் பக்கம் ஆதலின் நன்றாக விடிந்தபின்னரே அடிவாரத்தினின்று புறப்பட்டனர். அம்மையார் கோயிலிலேயே தங்கினார். பதினான்கு கிலோ நிறுத்த பையில் அன்று இருந்தவை தண்ணீரும், பொரிகடலையும், காலை மாத்திரையும், ஒரு சால்வையும். மருமகனார் முன்னே, ஐந்தெழுத்து அறாத நடையில், பெரியவர் பின்னே. விரைந்து ஏறிய இளைஞர் கூட்டம் ஒன்று அவர்களைக் கடந்து சென்றது. ஒருவன் இவர்தம் மெதுநடையைக் கண்டு ஏதோ கூறி நகைத்தான். நாற்பது நிமிடம் கழித்து அக்கூட்டத்தார் வழியோரத்தில் கிடந்து இளைக்கக் கண்டு, பெரியவர் அவர்க்குக் கருப்பட்டி கொடுத்துச் சென்றார்.

வெள்ளை விநாயகர் கோயிலை அடைய, கணக்கிட்ட பொழுதினும் அரைமணி மிகுந்தது. அங்குக் கற்பூரம் ஏற்றி வழிபட்டபின், மருமகனார் மேலே செல்லும் வழியை நெடுநேரம் நோக்கினார். அடுத்த மலைக்கு ஏறுவார் குரல் மேலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. உடல் அன்று நன்றாகவே இருந்தது. இன்னும் ஒரு மலை ஏறலாம் என்று தோன்றியிருக்கும். பெரியவர்க்கும் அவ்வாறு தோன்றிற்றோ என்னவோ. முப்பதாண்டுகட்கு மேலாக அவ்விடத்தில் நின்று திரும்பியறியாதவர் அவர்.

"திரும்புவோம், மாமா" என்றார் மருமகனார்.

பெரியவர் காரணம் கேட்கவில்லை. தடியை ஊன்றி, இறங்கும்போது புதியவரைப் பின்னே விட்டுத் தாம் முன்னே நடந்தார். கால் தவறினால் தாங்குவார் கீழே இருத்தல் வேண்டும் என்பதற்காக.

அம்மூங்கில் தடிகள் இரண்டும் இப்போது அவ்வீட்டுப் பூசையறையிற் சாத்தப்பட்டுள்ளன. அழுத்தத்தை வாரம் ஒருமுறை அளந்து எழுதும் குறிப்பேடும் அவற்றின் அருகே இருக்கின்றது, எழுதுபவர் பாட்டியார். இவ்வாடித் திங்களிலும் ஞாயிறுதோறும் மருதமலைப் படியேற்றம் நிற்கவில்லை. அடுத்த மாசிக்கு இன்னும் ஏழு திங்கள் உள்ளன. மருத்துவர் இசைந்தால் கைதட்டிச் சுனை வரை என்று பெரியவர் புதியதோர் அட்டையில் எழுதி வைத்திருக்கின்றார்.